கை நனைக்காத வீடு

அன்புள்ள ஐயா,

கோபி பக்கம் எங்கள் தோட்டம். கூட்டுக் கிணற்றில் முறைத்தண்ணீர் தகராறாகி எனக்கும் அண்ணனுக்கும் ஏழு வருஷமாகப் பேச்சில்லை. இரண்டு குடும்பமும் ஒரே சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சர்ச்தான். பைபிளில் ஈசாக்கு கிணறுகளை விட்டுக்கொடுத்ததுபோல நானும் விட்டுக்கொடுத்து, தனியாக போர்வெல் போட்டுக்கொண்டேன். ஜெபத்தில் அவரை மன்னித்தும் விட்டேன். அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவில் நான் பங்கு தரவில்லை என்று அவருக்கும் கொஞ்சம் வருத்தம் உண்டு. கோர்ட்டில் இருக்கும் வழக்கை வாபஸ் வாங்குவதுதான் கிறிஸ்தவ முறையா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தம்பி,

வழக்கை வக்கீலிடம் கேளுங்கள். சகோதரனோடு சகோதரன் வழக்காடுவதைக் கண்டித்துப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதைப் படித்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருப்பீர்கள், அதனால் அது கிடக்கட்டும்.

இரண்டு நாளாக அந்த ஆஸ்பத்திரிச் செலவு வரிதான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே! மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை எடுங்கள். காணிக்கையோடு வந்தவனுக்கு 'உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை' உண்டென்று நினைவு வந்தால், அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகச் சொல்கிறார் இயேசு. குறை யாருக்கு? சகோதரனுக்கு. யார்மேல்? உங்கள்மேல். நீங்களோ உங்களுக்கு அவர்மேல் இருந்த குறையை மன்னித்துவிட்டு, கணக்கு தீர்ந்தது என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் மன்னிப்பை யார் கேட்டார்கள்?

ஈசாக்கை வேறு கூப்பிடுகிறீர்கள். உங்கள் போர்வெல் வந்தபிறகு கூட்டுக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி இறங்கியது என்று எழுதவில்லை. சரி, ஏசேக்கு, சித்னா என்ற இரண்டு கிணறுகளையும் அவர் விட்டுப்போனார்தான். ஆனால் பிறகு பெலிஸ்தரின் ராஜா அபிமெலேக்கு தேடி வந்தபோது, என்னைப் பகைத்துத் துரத்திவிட்டு ஏன் வந்தீர்கள் என்று நேராகவே கேட்டார். கேட்டுவிட்டு விருந்தும் வைத்தார். சோறு போடாமல் நம் ஊரில் மட்டும் எந்தச் சண்டை தீர்ந்திருக்கிறது?

எங்கள் அப்பாருவுக்கும் (தாத்தா) அவர் தம்பிக்கும் இதே கிணற்றுச் சண்டை. சின்ன அப்பாரு தன் முறை முடிந்ததும் மோட்டார் ரூமிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு போய்விடுவார். பன்னிரண்டு வருஷம் ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைக்கவில்லை. சின்னவர் சர்ச்சுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

ஒரு ராப்போஜன (திருவிருந்து) ஞாயிறு. முன்னால் போய் மண்டியிட வேண்டிய அப்பாரு, பாதியில் திரும்பி வெளியே வந்து செருப்பைத் தேடினார். நான் பின்னாலேயே ஓடினேன், ஒன்பது வயது. வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரி வழியாக இரண்டு மைல், வாயே திறக்கவில்லை. சின்னவர் திண்ணையில் வெங்காயத் தாள் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"ஆத்தாளோட அண்டாவ நான் எடுத்துட்டுப் போனது தப்புத்தான்டா. கொஞ்சம் தண்ணி குடு."

கிணறு கிணறு என்று ஊரே பேசியது, உள்ளே கிடந்தது ஒரு பித்தளை அண்டா! சின்னவர் பதில் சொல்லவில்லை. சொம்பில் மோர் வந்தது. அப்பாரு அண்ணாந்து குடித்துவிட்டு, தானும் ஒரு கை வெங்காயத்தை அள்ளிக் கிள்ள ஆரம்பித்தார். ஃபியூஸ் கட்டை அப்புறமும் பல நாள் சின்னவர் மடியில்தான் இருந்தது, கேட்டால் கொடுப்பார்.

உங்கள் சி.எஸ்.ஐ.யில் சேர்ந்த வெவ்வேறு சபைகள் ஒன்றாக, 1919ல் தரங்கம்பாடியில் பேச ஆரம்பித்து 1947 வரை 28 வருஷம் ஆனது. அதைச் சாக்காக வைத்து இன்னும் 21 வருஷம் இழுத்துவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரிச் செலவில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, பணத்தோடு போங்கள். கிணற்றைப் பற்றி அன்றைக்குப் பேச வேண்டாம். முன்கூட்டி போன் செய்யாதீர்கள், வர வேண்டாம் என்பார்.

அன்புடன்.