வீட்டிலேயே சதுரங்கப் பலகையும் காய்களும்: கேள்வி பதில்

அலங்காரச் சதுரங்கத் தொகுப்புகள் செய்வதில் பல வருஷமாக ஈடுபட்டிருக்கிறேன். மரம்தான் என் கைக்கு வந்த பொருள். வந்த கேள்விகளையும் பதில்களையும் வந்த வரிசையிலேயே தருகிறேன். மந்திரி என்று நான் எழுதுவதெல்லாம் பிஷப்பைத்தான்.

கேள்வி: கட்டம் எத்தனை சென்டிமீட்டர் வைக்க வேண்டும்?

பலகையை முதலில் முடித்துவிட்டு அதற்குக் காய் தேடாதீர்கள். ராஜாவின் அடிப்பாகம் எவ்வளவு என்று முடிவானால்தான் கட்டம் முடிவாகும். அடிப்பாகம் கட்டத்தின் அகலத்தில் முக்கால் பங்கு இருந்தால் நெருக்கமும் இருக்காது, வெறிச்சோடியும் போகாது. போட்டிக் காய்களுக்கு ஃபிடே (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) பரிந்துரைக்கும் உயரம்: ராஜா 9.5 செ.மீ., ராணி 8.5, மந்திரி 7, குதிரை 6, யானை 5.5, சிப்பாய் 5. கட்டம் 5 முதல் 6 செ.மீ. வீட்டு அலங்காரத்துக்கு இந்த எண்கள் கட்டாயமில்லை, ஆனால் அந்த இறங்குவரிசையைக் குலைக்காதீர்கள். அளவுகோல் இல்லாமலே பார்க்க ஒரு வழி: ஒரே கட்டத்துக்குள் நான்கு சிப்பாய்களை நிறுத்திப் பாருங்கள். இடம் போதவில்லையென்றால் கட்டத்தைப் பெரிதாக்குங்கள், இல்லை சிப்பாயின் அடியைக் குறையுங்கள்.

கேள்வி: 64 சதுரங்களையும் தனித்தனியாக வெட்டி ஒட்டினேன். கோடுகள் நேராகவே வரவில்லை. எங்கே தப்பு?

தனித்தனியாக வெட்டியதில்தான். ஒரு சதுரத்தில் கால் மில்லிமீட்டர் பிசகினால் எட்டாவது சதுரத்தில் அது 2 மி.மீ. ஆகிவிடும். கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

பட்டையாக ஒட்டுங்கள். 5 செ.மீ. கட்டத்துக்கு வெளிர் மரத்தில் நான்கு பட்டை, கருமரத்தில் நான்கு பட்டை, எல்லாம் 5 செ.மீ. அகலம், 45 செ.மீ. நீளம். 40 போதாது. ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மி.மீ. வரை தின்னும், முனைகளையும் சீர் செய்ய வேண்டும். வெளிர், கறுப்பு, வெளிர், கறுப்பு என்று மாற்றி மாற்றி அடுக்கி ஒட்டுங்கள். காய்ந்ததும் பட்டைகளுக்குக் குறுக்கே 5 செ.மீ. அகலத்தில் எட்டுத் துண்டு போடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் எட்டுக் கட்டம் இருக்கும். ஒன்றுவிட்டு ஒரு துண்டைத் தலைமாற்றி வைத்தால் கட்டங்கள் தாமாகவே அமைந்துவிடும். முதன்முதலாக அதைச் செய்து பார்க்கும்போது வரும் சந்தோஷம் இந்த வேலையில் வேறெங்கும் கிடைக்காது.

இந்த இரண்டாவது ஒட்டுதான் பலவீனமான இடம். அங்கே நார் வெட்டுப்பட்ட முனைகள் எதிரெதிரே சேர்கின்றன. அந்த முனை பசையைக் குடித்துவிடும், இணைப்பில் ஒன்றும் மிஞ்சாது. முதலில் மெல்லிசாக ஒரு பூச்சு, சில நிமிஷம் பொறுத்து இன்னொரு பூச்சு, அதன் பிறகு கிளாம்ப்.

தேய்க்கும்போதும் கவனம். கருமரத்தின் தூள் வெளிர் மரத்தின் துளைகளுக்குள் இறங்கி அழுக்குப் பிடித்த மாதிரி ஆக்கும். இழைப்புளியால் முடிந்தவரை மட்டம் செய்துகொண்டு, கடைசிக்கு மட்டும் உப்புத்தாள். தூளைத் துணியால் துடைக்காதீர்கள், உறிஞ்சி எடுங்கள். முகமூடி இல்லாமல் தேய்க்கவே கூடாது. கருமரங்கள் பலவற்றின் தூள் மூச்சுக்குழாயையும் தோலையும் பாதிக்கும்.

கேள்வி: சுற்றிலும் சட்டம் போட்டு இறுக்கமாக ஒட்டினேன். ஆறு மாதத்தில் பலகை நடுவில் பிளந்துவிட்டது. மரம் மோசமா?

மரத்தின் மேல் குற்றமில்லை. என் முதல் பலகையும் இப்படித்தான் போயிற்று. ராத்திரி இரண்டு மணிக்கு விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் நாலாவது வரிசைக்கும் ஐந்தாவது வரிசைக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவுக்கு வெடிப்பு. விரலால் தடவினால் ஒரு பக்கம் மேடாக இருந்தது. மழைக்காலத்தில் ஒட்டியிருந்தேன், வறண்ட காற்று வந்ததும் மரம் சுருங்கப் பார்த்தது. சட்டம் விடவில்லை.

மரம் நார் ஓடும் திசையில் அசையவே அசையாது என்று சொல்லலாம். நாருக்குக் குறுக்கே அசையும். 40 செ.மீ. அகலப் பலகை ஈரம் மாறும்போது 2, 3 மில்லிமீட்டர் கூடிக் குறைவது சாதாரணம். அதைப் பசையால் தடுக்க முடியாது. வழி இரண்டுதான். கட்டியான மரப் பலகை என்றால் சட்டத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து அதற்குள் பலகையைப் பசையில்லாமல் உட்கார வையுங்கள், இரண்டு பக்கமும் கொஞ்சம் இடைவெளி விட்டு. அல்லது 0.6 மி.மீ. வெனீரில் (மெல்லிய மரத்தகடு) கட்டங்களை அமைத்து எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மேல் ஒட்டுங்கள். எம்.டி.எஃப். அவ்வளவாக அசையாது, அதனால் சட்டத்தை இறுக்கி ஒட்டலாம். அடிப்பக்கத்திலும் ஒரு வெனீர் ஒட்ட மறக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வில்லாக வளையும்.

கேள்வி: கோட்டைக்குப் பதிலாக நிஜ யானையே செதுக்கலாமா? நாம் யானை என்றுதானே சொல்கிறோம்?

தாராளமாக. தமிழில் ஆடிப் பழகியவருக்கு மூலையில் யானை நின்றால் விளக்கமே வேண்டாம். பக்கத்திலேயே குதிரை நிற்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இரண்டும் நாலுகால் பிராணி. குதிரைக்குக் கழுத்தும் தலையும் மட்டும் போதும், யானையை முழு உருவமாகச் செய்யுங்கள்.

கேள்வி: எந்தப் பசை?

சாதாரண வெள்ளை மரப்பசை.

கேள்வி: யானை பற்றி நீங்கள் சொன்னது தவறு. மூலையில் நிற்பது தேர். யானையின் இடம் மந்திரி நிற்கும் இடம்.

வரலாற்றில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சதுரங்கம் என்ற பெயரே ரத, கஜ, துரக, பதாதி என்ற நாலு அங்கத்தைத்தான் குறிக்கிறது. அரபு ஆட்டத்தில் குறுக்காக இரண்டு கட்டம் தாவிய காய்க்கு அல்-ஃபீல் என்று பெயர். ஃபீல் என்றால் யானை. அதன் இடத்தில்தான் இன்றைய பிஷப் நிற்கிறது. ஸ்பானிய மொழியில் இன்றைக்கும் அது அல்ஃபில். ருஷ்ய மொழியில் பிஷப்புக்கு ஸ்லோன் என்று பெயர், அதுவும் யானைதான்.

ஆனால் கேட்டவர் தமிழில் யானை என்று எதைச் சொல்லி வளர்ந்தாரோ அதைச் செதுக்கக் கேட்கிறார். அவர் பலகைக்கு எதிரே உட்காரப் போகிறவரும் அதே பேச்சுக்காரர். மூலையில் தேரையும் பிஷப் இடத்தில் யானையையும் வைத்தால், பத்தாவது நகர்த்தலில் எதிராளி யானையை நேராக ஓட்டுவார். பழைய முறையில் செய்ய ஆசை என்றால் முழுத் தொகுப்பையும் அப்படிச் செய்யுங்கள். தேர், யானை, குதிரை, ராஜா, மந்திரி, காலாள் என்று. இந்த வரிசையில் மட்டும் மந்திரி என்பது பிஷப் அல்ல, ராணி இடத்தில் நிற்கும் பழைய காய். பாதி இது, பாதி அது கூடாது.

கேள்வி: ராஜாவின் உயரம், கட்டத்தின் அளவு சொல்லுங்கள்.

முதல் பதிலில் இருக்கிறது.

கேள்வி: காட்சிக்கு வைக்கத்தானே செய்கிறோம்? எது எந்தக் காய் என்று தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன?

இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஆட முடியாத சதுரங்கம் 32 பொம்மைகள்தான். அலங்காரமும் அடையாளமும் ஒன்றையொன்று கெடுக்காது. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831இல் கண்டெடுத்த காய்களைப் படத்திலாவது பாருங்கள். 12ஆம் நூற்றாண்டு வேலை, பெரும்பாலும் வால்ரஸ் தந்தம். ராஜா சிம்மாசனத்தில் மடிமேல் வாளோடு இருக்கிறார், ராணி கன்னத்தில் கை வைத்திருக்கிறாள், குதிரைக்காரன் குதிரைமேல் இருக்கிறான், மூலைக்காய் நின்றுகொண்டிருக்கும் வீரன். சிப்பாய்களுக்கு முகமே கிடையாது, நட்டுவைத்த கல் மாதிரி எளிய வடிவம். அவ்வளவு நுணுக்கத்துக்கு நடுவிலும் எது எது என்று தெரிகிறது. 1849இல் லண்டனில் வந்த ஸ்டான்டன் வடிவம் (இன்றைய போட்டிக் காய்களின் வடிவம்) இன்றுவரை நிற்பதற்கும், தலையைப் பார்த்ததுமே காய் தெரிந்துவிடும் என்பது ஒரு பெரிய காரணம்.

செதுக்கும்போதே சோதியுங்கள். ஆறு காய்களையும் ஜன்னலுக்கு எதிரே வரிசையாக நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். கருநிழல் மட்டும் தெரியும். அதை வைத்தே ஆறையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடிய வேண்டும். ராணியும் மந்திரியும்தான் பெரும்பாலும் குழம்பும்.

கேள்வி: ரெசினில் வார்த்தால் குமிழி வருகிறது.

ரெசின் நான் எப்போதாவதுதான் தொடுவேன். மெதுவாகக் கலக்குங்கள், நூல் மாதிரி மெல்லிசாக ஊற்றுங்கள், சிலிக்கான் அச்சின் உள்பக்கத்தில் முதலில் தூரிகையால் ஒரு பூச்சுக் கொடுங்கள். கையுறை கட்டாயம். எபாக்ஸி என்ற ரெசின் வகைக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு போகாது. காய்ந்த ரெசினைத் தேய்த்தாலும் முகமூடி வேண்டும்.

கேள்வி: எடைக்கு ஈயம் வைக்கலாமா?

வேண்டாம், ஈயம் நஞ்சு. அடியில் துளை போட்டு இரும்பு வாஷர்களை எபாக்ஸியால் பதித்து, மேலே ஃபெல்ட் துணி ஒட்டுங்கள்.

கேள்வி: கட்டம் 4 செ.மீ. என்றால் ராஜா எவ்வளவு?

மறுபடி அளவு. முதல் பதிலை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். முக்கால் பங்கு: அடிப்பாகம் 3 செ.மீ. உயரம் அடிப்பாகத்தைப் போல இரண்டரை மடங்கு வரை போகலாம்.

கேள்வி: ஆளிவிதை எண்ணெய் பூசலாமா?

பூசலாம், அழகாக ஊறும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது சூடாகித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துத் தனியாக உலர்த்துங்கள், இல்லை தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள்.

கேள்வி: யானை கேட்டவன்தான் மறுபடி எழுதுகிறேன். மூலையிலேயே வைக்கப் போகிறேன். தும்பிக்கையைத் தூக்கிய மாதிரி செதுக்கினேன், இரண்டு முறை முறிந்துவிட்டது.

முறியத்தான் செய்யும். உங்கள் கட்டையில் நார் அடியிலிருந்து மேலே ஓடுகிறது, அது சரி, கால்களுக்கு அப்படித்தான் வேண்டும். ஆனால் தும்பிக்கை முன்பக்கம் நீளும் இடத்தில் நார் குறுக்கே வெட்டுப்பட்டு அரை அங்குலத்துக்கும் குறைவாகிவிடுகிறது. அந்த இடத்தில் பலமே இருக்காது. குதிரைக்காதும் இதனால்தான் போகும். தும்பிக்கையைக் கீழே தொங்கவிட்டு, நுனியை முன்காலோடு சேர்த்துவிடுங்கள். தும்பிக்கைக்கும் காலுக்கும் நடுவே மரத்தை முழுதாகத் துளைக்காமல் ஒரு பள்ளம் மட்டும் எடுங்கள். கருநிழலில் யானை யானையாகவே தெரியும். தந்தங்களைக் கடைசியில் தனியாகச் செய்து சொருகிக்கொள்ளலாம்.