கணினிக் கோளாறுகளில் மற்றவர்களுக்கு உதவியதால் நீங்கள் எதிர்பார்க்காத பலன் ஏதாவது கிடைத்ததுண்டா?

நிறையவே கிடைத்திருக்கிறது. முதலாவது, என் கணினியில் ஒருநாளும் வந்திருக்காத கோளாறுகளைப் பார்க்கும் வாய்ப்பு. நம் கணினியில் நாம் தினமும் திறப்பது அதே நாலைந்து மென்பொருள்கள்தான். அது தகராறு செய்தாலும் பழகிய தகராறாகத்தான் இருக்கும். அடுத்தவர் கணினி அப்படியில்லை.

உறவினர் ஒருவரின் பழைய கணினியில் எந்தத் தளத்துக்குப் போனாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வந்து நின்றது. வைரஸ் என்று பயந்து, வங்கி வேலைகளையே நிறுத்தி வைத்திருந்தார். திரையின் ஓரத்தில் தேதியைப் பார்த்தால் பல வருடங்கள் பின்னால் இருந்தது. கணினியின் உள்ளே இருக்கும் முக்கியப் பலகையான மதர்போர்டில் சிஆர்2032 என்ற வட்டமான சின்ன பேட்டரி ஒன்று இருக்கும். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது தீர்ந்துபோனதால், சுவிட்சை அணைக்கும் ஒவ்வொரு முறையும் தேதி பழைய நாளுக்குப் போய்விட்டது. ஒரு இணையதளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை என்றுதான் வழங்கப்படுகிறது. அந்தக் கணினியின் கணக்கில் சான்றிதழ் தொடங்கும் நாளே இன்னும் வரவில்லை, அதனால் பிரவுசர் ஏற்க மறுத்தது. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்ததும் எல்லாம் ஒழுங்காகிவிட்டது. சான்றிதழ்களைப் பற்றி முன்பே படித்திருக்கிறேன். ஆனால் அது கடிகாரத்தை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பது அன்றுதான் மனதில் பதிந்தது.

அதைவிடப் பெரிய பலன், கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டது. "எல்லாமே அழிஞ்சு போச்சு" என்று ஒருவர் பதறினால், பல நேரம் டெஸ்க்டாப்பில் இருந்த ஒரு ஷார்ட்கட் மட்டும்தான் காணாமல் போயிருக்கும். "என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் "நான் ஒன்றும் செய்யவில்லையே" என்பதைத் தவிர வேறு பதில் வராது, ஏனென்றால் அந்தக் கேள்வி குற்றம் சாட்டுவதுபோல் காதில் விழுகிறது. "கடைசியாக எப்போது நன்றாக ஓடியது? அதற்கப்புறம் என்ன மாறியது?" என்று கேட்டால், போனவாரம் புது பிரிண்டர் வாங்கியது வரை தானாகவே வெளியே வரும். இந்தப் பழக்கம் இப்போது அலுவலகத்திலும் வீட்டிலும் எனக்குக் கைகொடுக்கிறது. யார் மேல் தப்பு என்பதை ஒதுக்கிவிட்டு என்ன நடந்தது என்று மட்டும் கேட்டால், மனிதர்கள் எவ்வளவு தாராளமாகப் பேசுகிறார்கள்!

அப்புறம் அந்தக் காத்திருக்கும் நேரம். தோழி ஒருவர் கேமராவின் மெமரி கார்டைத் தவறுதலாக ஃபார்மேட் செய்துவிட்டார். சாதாரண ஃபார்மேட்டில் பெரும்பாலும் புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்த மாதிரிதான் ஆகும், உள்ளே பக்கங்கள் அப்படியே இருக்கும். மேலே புதிதாக எதையும் பதியாமல் இருந்தால் மீட்க வழி உண்டு. (இப்போதைய கணினிகளில் ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டியில் இந்த அதிர்ஷ்டத்தை எதிர்பார்க்க முடியாது. ட்ரிம் என்ற வசதி அழித்த இடத்தைச் சீக்கிரமே துடைத்துவிடும்.) ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டோம். அது கோப்பின் பெயரைத் தேடாது, படத் தரவு எங்கே தொடங்குகிறது என்பதை வைத்துக் கண்டுபிடிக்கும். அதனால் பழைய பெயர்கள் போய், படங்கள் வரிசை கலைந்து வந்தன. அவற்றைப் பிரித்து அடுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இது யார், இது எந்த நாள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மறைந்த அவர் அப்பாவைப் பற்றி அத்தனை வருடப் பழக்கத்தில் கேட்டிராததையெல்லாம் அன்று கேட்டேன்.

இதெல்லாம் கிடைக்க வேண்டுமானால் மவுஸைப் பிடுங்கி ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொடுக்கக் கூடாது என்பது என் எண்ணம். கீபோர்டு அவர்கள் கையிலேயே இருக்கட்டும். பாஸ்வேர்டையும் அவர்களே அடிக்கட்டும், நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நேரம் கூடுதலாகத்தான் ஆகும். ஆனால் அப்படிக் கற்றுக்கொண்டவர் அடுத்த முறை கூப்பிடும்போது, "இதையெல்லாம் பார்த்துவிட்டேன், சரியாகவில்லை" என்று ஆரம்பிக்கிறார். அப்படி வரும் கோளாறு பெரும்பாலும் எனக்கும் புதிதாகவே இருக்கிறது.