கேள்வி பதில்: வழி கேட்கலாமா?

கேள்வி: 1994-இல் வந்த 'சூப்பர் மெட்ராய்ட்' கேமை இப்போதுதான் ஆடுகிறேன். அடுத்து எங்கே போவது என்று அது சொல்லவே மாட்டேன் என்கிறது. சுற்றிய இடத்தையே சுற்றுகிறேன். யூடியூபைப் பார்த்துவிடலாமா? (வாசகர், சேலம்)

பதில்: எந்த இடத்தில் மாட்டினீர்கள் என்று எழுதவில்லையே! கண்ணாடிக் குழாய் என்றால் தாராளமாகப் பாருங்கள். ஏன், நானே சொல்கிறேன்: உள்ளே நின்று பவர் பாம் என்ற பெரிய குண்டை வையுங்கள், குழாய் உடைந்து வழி திறக்கும். இவ்வளவு நேரம் நடந்துபோன பாதையை உடைக்க யாருக்குத் தோன்றும்?

ஆனால் பிரின்ஸ்டார் பகுதியில், மூன்று குட்டிப் பிராணிகள் இருக்கும் ஆழமான குழியில் விழுந்திருந்தால் யூடியூப் பக்கமே போகாதீர்கள். சும்மா நின்று வேடிக்கை பாருங்கள். அவை சுவருக்குச் சுவர் எகிறி மேலே ஏறிக் காட்டும். திரையில் ஒரு எழுத்து வராது. சுவரை விட்டு விலகும் திசையை முதலில் அழுத்தி, அப்புறம் ஜம்ப்; இவ்வளவு சொன்னால் போதும், மிச்சம் விரல் பழக்கம். வெளியே வந்ததும்தான் உறைக்கும்: புதிதாக எந்தக் கருவியும் கிடைக்கவில்லை, இந்தத் தாவல் ஆரம்பத்திலிருந்தே உங்களிடம் இருந்திருக்கிறது! எட்டாது என்று விட்டுவந்த மேடுகள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வரும். இந்த வகை கேம்களை நான் விடாமல் ஆடுவது இதற்காகத்தான்.

இன்னொன்று. மேப்பில் கதவுகளின் நிறம் தெரியாது. பச்சைக் கதவைத் திறக்க சூப்பர் மிசைல், மஞ்சளுக்கு பவர் பாம். திறக்காத கதவுகளை ஒரு நோட்டில் குறித்து வைத்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

கேள்வி: அப்படியென்றால் 1986-இல் வந்த முதல் மெட்ராய்டையும் ஆட வேண்டுமா? (அதே வாசகர்)

பதில்: வேண்டாம். மேப் கிடையாது. ஜப்பானுக்கு வெளியே விற்ற பதிப்பில், பிறகு வந்து தொடர 24 எழுத்து பாஸ்வேர்டு. எவ்வளவு எனர்ஜி சேர்த்திருந்தாலும் திரும்பி வரும்போது 30-தான். பூச்சிகளைச் சுட்டுச் சுட்டு அதை நிரப்பியாக வேண்டும். இதற்குப் பெயர் தேடலா?

அதே வருடத்து 'லெஜண்ட் ஆஃப் செல்டா'வை ஆடுங்கள். எந்தப் புதரைக் கொளுத்தினால் படிக்கட்டு தெரியும் என்று அதுவும் படுத்தும்தான். ஆனால் அமெரிக்காவில் விற்ற பெட்டிக்குள் ஒரு காகித மேப்பும் இருந்தது. இணையத்தில் தேடினால் கிடைக்கும். பிரிண்ட் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அது காப்பியடிப்பது ஆகாது.