ஊட்டியில் உறைபனி ஏன்?

கேள்வி: மலை ஏற ஏறச் சூரியனை நெருங்கத்தானே செய்கிறோம்? அப்படியிருந்தும் மேட்டுப்பாளையம் வியர்க்கும்போது ஊட்டி நடுங்குவது ஏன்?
– வாசகி, காரமடை

பதில்: சூரியன் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கையில், ஊட்டியின் 2,240 மீட்டர் உயரம் ஒரு பொருட்டே அன்று. காற்றைப் பெரும்பாலும் சூடாக்குவது நேரடி வெயில் அன்று, வெயிலில் காய்ந்த தரைதான். அந்தக் காற்று மேலெழும்போது அழுத்தம் குறைந்து விரிவதாலும், விரிவதற்கே தன் வெப்பத்தைச் செலவிடுவதாலும், சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் வீதம் வெப்பநிலை இறங்குகிறது. மேட்டுப்பாளையத்தைவிட ஊட்டி ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம் என்பதால், 12 டிகிரி வேறுபாடு இதிலேயே வந்துவிடுகிறது.

உறைபனிக்கு உயரம் மட்டும் போதாது. டிசம்பர், ஜனவரி மாதங்களின் மேகமற்ற, காற்றடங்கிய இரவுகளில் தரை தன் வெப்பத்தை வேகமாக இழக்கிறது. குளிர்ந்து கனத்த காற்று சரிவு வழியே இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. ஊட்டியை அடுத்த தலைகுந்தாவின் புல்வெளி விடியலில் வெளுத்துக் கிடக்க, சற்று மேலே சரிவில் உள்ள தேயிலைச் செடிகள் கருகாமல் தப்புவது இதனால்தான். பகலிலோ, மெலிந்த காற்றைத் தாண்டி வரும் புறஊதாக் கதிர்கள் அதிகம். ஸ்வெட்டரை மட்டும் நம்பிச் செல்பவர்கள் முகம் கறுத்துத் திரும்புவதும் உண்டு.