கப்பல் பீரங்கியைக் கூப்பிடும் படை

கேள்வி: அமெரிக்க மரைன் படையில் 'ஆங்லிகோ' என்றொரு பிரிவு உண்டாமே? சொந்தமாகப் பீரங்கியே இல்லாத அந்தப் பிரிவுக்கு என்ன வேலை? எப்படித் தோன்றியது?

பதில்: தரையில் சண்டையிடும் படைக்காகக் கப்பலிடமும் விமானத்திடமும் குண்டுவீச்சைக் கேட்டு வாங்கித் தருவதுதான் வேலை. தரையில் நிற்பது அமெரிக்கத் தரைப்படையாகவோ நேச நாட்டுப் படையாகவோ இருக்கும். கடலில் நிற்கும் கப்பலும் மேலே பறக்கும் விமானமும் அமெரிக்கக் கடற்படையுடையதாகவோ மரைன் படையுடையதாகவோ இருக்கும். வயர்லெஸ் வேறு, நடைமுறை வேறு, சில வேளை மொழியே வேறு. நடுவில் நின்று பேச ஆள் வேண்டும்.

இதன் வேர் 1943 நவம்பரில் பசிபிக்கில் நடந்த தராவா சண்டையில் இருக்கிறது. கப்பல்கள் மணிக்கணக்கில் குண்டு பொழிந்தும் ஜப்பானியரின் பதுங்கு அரண்கள் பல தப்பிவிட்டன. கரையேறியவர்களின் வயர்லெஸ் பெட்டிகள் உப்புநீரில் பழுதாயின. கட்டளைக் கப்பலான மேரிலாந்தின் தொடர்புக் கருவிகளோ, அதன் சொந்தப் பீரங்கி அதிர்விலேயே செயலிழந்தன. இதன் பிறகுதான் 'கூட்டுத் தாக்குதல் தொடர்புக் கம்பெனிகள்' என்ற படைப்பிரிவுகள் உருவாகி, 1944 முதல் தீவுச் சண்டைகளில் இறங்கின. நாற்பதுகளின் இறுதியில் அதே பணி ஆங்லிகோ என்ற பெயரில் தொடர்ந்தது. வியட்நாமில் தென்கொரிய மரைன்களோடும் தென்வியட்நாம் படைகளோடும் இருந்தார்கள். 1991 வளைகுடாப் போரில், சவூதி நகரமான காஃப்ஜியில் சவூதிப் படைகளுக்காக விமானங்களை அழைத்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு, தொண்ணூறுகளின் கடைசியில் முழுநேரக் கம்பெனிகள் கலைக்கப்பட்டது பெரிய பிழை என்பது எங்கள் கருத்து. 2003-ல் அவற்றைத் திரும்ப அமைக்க வேண்டி வந்தது.

கேள்வி: கப்பலைக் கூப்பிடுவது தரைப் பீரங்கியைக் கூப்பிடுவதிலிருந்து எப்படி வேறுபடும்?

பதில்: கப்பல் பீரங்கியின் குண்டு வேகமாக, தாழ்வாக, ஏறக்குறைய நேராகப் பாயும். மற்ற வேறுபாடுகள் பெரும்பாலும் இதிலிருந்தே வருகின்றன. இலக்கின் உயரத்தைக் கொஞ்சம் தவறாகச் சொன்னாலும் குண்டு வெகுதூரம் தாண்டியோ முன்னதாகவோ விழும். மலைக்கு அந்தப்புறச் சரிவில் எதிரி இருந்தால் முழு வெடிமருந்தில் சுட்டுப் பயனில்லை. மருந்தைக் குறைத்து, பாதையை வளைக்கச் சொல்ல வேண்டும்.

விழும் குண்டுகள் கப்பலையும் இலக்கையும் இணைக்கும் கோட்டின் நெடுகே நீளமாகவும், குறுக்கே ஒடுக்கமாகவும் சிதறும். ஆகவே அந்தக் கோடு நம் முன்வரிசைக்கு இணையாக ஓடினால் நல்லது. நம் தலைக்கு மேலாகச் சுட்டால் ஆபத்து. கப்பல் நகர்ந்துகொண்டே இருப்பதால் கோடும் மாறும். காலையில் பாதுகாப்பாக இருந்த கோணம் மாலையில் அப்படி இருக்காது. ஒவ்வொரு முறையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அழைப்பு இரண்டு தவணையாகப் போகும். முதலில் யார் பேசுவது, சூட்டு எச்சரிக்கை, இலக்கு எண். அடுத்து இடம், திசை, உயரம், இலக்கு என்ன, எத்தனை பீரங்கி, எந்தக் குண்டு என்ற விவரங்கள். 5 அங்குலப் பீரங்கிக்கு 750 மீட்டருக்குள் நம்மவர் இருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும்; தரைப் பீரங்கிக்கு இந்த எல்லை 600 மீட்டர். குண்டு விழ 5 விநாடி இருக்கும்போது கப்பல் 'ஸ்பிளாஷ்' என்று குரல் கொடுக்கும். அதுவரை தலையைத் தாழ்த்தியிருந்து, அப்போது தூக்கிப் பார்த்தால் போதும்.

கேள்வி: இத்தனை நடைமுறைகள் இருந்தும் நம்மவர்மீதே குண்டு விழுவது ஏன்?

பதில்: அமெரிக்கா படையெடுத்த கரீபியன் தீவான கிரெனடாவில் 1983 அக்டோபர் 27 அன்று அது நடந்தது. ஆங்லிகோ அணி ஒன்றால் தரைப்படைப் பிரிகேடின் சூட்டு ஒருங்கிணைப்புப் பிரிவோடு தொடர்புகொள்ள முடியவில்லை. சரிபார்க்கப்படாமலே அழைக்கப்பட்ட ஏ-7 தாக்குதல் விமானங்கள் அந்தப் பிரிகேடின் கட்டளை மையத்தையே தாக்கின. 17 பேர் காயமடைந்தனர். அவர்களில் ஒருவர் பின்னர் இறந்தார்.

கப்பல் சூட்டில் களத்தில் இருக்கும் நான்கைந்து பேர் கொண்ட ஆங்லிகோ அணி நேரடியாகக் கப்பலோடு பேசும். பட்டாலியன் தலைமையில் இருக்கும் ஆங்லிகோ அதிகாரி அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்; அவர் குறுக்கிடாவிட்டால் மௌனம் சம்மதம். ஆனால் வயர்லெஸ் பழுதாகிவிட்டாலும் மௌனம்தானே கேட்கும்? அதனால், அவர் லைனில் இருக்கிறாரா என்று அழைப்புக்கு முன்பே பேசி உறுதிசெய்துகொள்ள வேண்டும்.