சைக்ளோகிராஸ்: முதலில் இறங்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கேள்வி: எனக்கு வயது 23. கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் ஊர். செப்டம்பர் கடைசியில் மேல்படிப்புக்காக பெல்ஜியத்தில் இருக்கும் கெந்த் நகருக்குப் போகிறேன். அங்கே ஏற்கெனவே படிக்கும் என் தோழி, நவம்பரில் நடக்கும் ஒரு சைக்ளோகிராஸ் பந்தயத்தில், அதாவது சேறும் மணலும் கடந்து ஓட்டும் சைக்கிள் பந்தயத்தில், புதியவர்கள் பிரிவில் என் பெயரையும் சேர்த்துவிட்டாள். 40 நிமிடப் பந்தயம். என்னிடம் கியர் வைத்த எம்டிபி (மலைப்பாதை) சைக்கிள் இருக்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் ரோட்டில் 20 கிலோமீட்டர் ஓட்டுவேன். மணலிலும் சேற்றிலும் ஓட்டியதே இல்லை. வீடியோ பார்த்தாலே பயமாக இருக்கிறது. ஊரில் இருக்கப்போகும் இந்த மூன்று மாதத்தில் என்ன பழகினால் கடைசி வரை தாக்குப்பிடிப்பேன்?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது 'கடைசி வரை' என்ற வார்த்தை. முதல் பந்தயத்துக்கு அதுதான் சரியான இலக்கு. கெந்தில் வேலை பார்த்த காலத்தில் நான்கு குளிர்காலம் இந்தப் பந்தயங்களில் ஓட்டியிருக்கிறேன். என் முதல் பந்தயத்தில் இரண்டாவது சுற்றிலேயே மூச்சு முட்டி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலில் பலம் இருந்தது. சைக்கிளில் இருந்து இறங்கவும் திரும்ப ஏறவும் தெரியாததால்தான் நின்றேன். அதனால் என் பதிலில் பாதி அதைப் பற்றியே இருக்கும்.

பந்தயம் எப்படி நடக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். புல், சேறு, மணல், மேடு, படிக்கட்டு எல்லாம் கலந்த ஒரு சுற்றுப்பாதை, பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர் வரை. தூரம் கணக்கில்லை, நேரம்தான் கணக்கு. முதல் ஒன்றிரண்டு சுற்றுக்கு ஆகும் நேரத்தை வைத்து மொத்தம் எத்தனை சுற்று என்று முடிவு செய்வார்கள். மீதிச் சுற்றுகளைப் பலகையில் காட்டுவார்கள், கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார்கள். நடுவில் குறுக்கே பலகை வைத்திருப்பார்கள். சர்வதேச விதிப்படி அதன் உயரம் அதிகபட்சம் 40 சென்டிமீட்டர். கைதேர்ந்தவர்கள் சைக்கிளோடு தாண்டிக் குதிப்பார்கள். மற்ற எல்லாரும் இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடித் தாண்டி, மறுபடி ஏறுவார்கள். 1902-இல் பிரான்சில் முதல் தேசியப் போட்டி நடந்த காலத்திலேயே வயலும் வேலியும் தாண்டி ஓடும் விளையாட்டு இது. இறங்குவதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். சில இடங்களில் ஓட்டுபவரைவிட ஓடுபவர்தான் வேகமாகப் போவார்.

சரி, இறங்குவது எப்படி? பழைய தபால்காரர்கள் வீட்டு வாசலில் வந்து இறங்குவதை உங்கள் அப்பாவிடம் கேளுங்கள், செய்தே காட்டுவார். சைக்கிள் உருண்டுகொண்டிருக்கும்போதே வலது காலை சீட்டுக்குப் பின்னால் வீசி இடது பக்கம் கொண்டுவருவார்கள். கொஞ்ச தூரம் இடது பெடலில் நின்றபடியே வந்து, அப்படியே தரையில் கால் வைத்து நடந்துவிடுவார்கள். சைக்ளோகிராஸில் இறங்குவதும் இதேதான். செயின் வலது பக்கம் இருப்பதால் எப்போதும் இடது பக்கம்தான் இறங்க வேண்டும். ஒரே ஒரு வித்தியாசம்: இடது பெடலில் நிற்கும்போதே வலது கை ஹேண்டிலை விட்டு மேல் பாரைப் பிடித்திருக்க வேண்டும். அப்போதுதான் கால் தரையில் பட்டதும் சைக்கிள் கையோடு மேலே வரும்.

ஏறுவதுதான் கஷ்டம். அப்பா ஏறுகிற மாதிரி இடது பெடலில் கால் வைத்து உந்தி ஏறினால் சேற்றில் வழுக்கும், வேகமும் போகும். இங்கே பெடலைத் தொடவே கூடாது. இரண்டு கையும் ஹேண்டிலில் இருக்க, ஓடிக்கொண்டே இடது காலால் தரையை உந்தி, வலது தொடையின் உள்பக்கம் சீட்டில் படுகிற மாதிரி போய் விழ வேண்டும். அப்படியே வழுக்கி நடுவுக்கு வந்து பெடலைத் தேடலாம். மேலே எழும்பிக் குதிக்காதீர்கள், முன்னால் போங்கள். புதிதாகப் பழகுபவர்கள் எல்லாரும் ஏறுவதற்கு முன் ஒரு குட்டிக் குதி கூடுதலாகப் போடுவார்கள். அந்த இரண்டாவது குதிதான் ஒவ்வொரு முறையும் வேகத்தைத் தின்னும். முதல் வாரம் நடந்துகொண்டே பழகுங்கள், அடுத்த வாரம் மெதுவாக ஓடிக்கொண்டு. புல் தரை நல்லது. தினமும் கால் மணி நேரம் போதும். ஆனால் தினமும் வேண்டும்.

பலகைக்குப் பதில் ஒரு கமுகுத் தடியை இரண்டு செங்கல் மேல் சும்மா வைத்துக்கொள்ளுங்கள். கால் தட்டினால் அது உருண்டுவிடும், உங்களுக்கு அடிபடாது. முதலில் ஒரு சாண் உயரம், அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம். உங்கள் பக்கம் பாதி வீடுகளுக்குப் போக வெட்டுக்கல் படி இருக்கும். வாரம் ஒரு நாள் அதில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆறு ஏழு முறை ஏறி ஓடுங்கள், இறங்கும்போது நடந்து வாருங்கள். பாசி பிடித்த குளத்துப் படித்துறையில் மட்டும் இந்த வேலை வேண்டாம்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். நம் ஊர் சைக்கிள்களில் பெரும்பாலும் வலது பிரேக் முன் சக்கரத்துக்கு, இடது பிரேக் பின் சக்கரத்துக்கு. ஐரோப்பாவில் பெரும்பாலும் இது தலைகீழ். இறங்கும்போது உங்கள் வலது கை மேல் பாரில் இருக்கும், பிரேக்கில் இருப்பது இடது கை மட்டும். இங்கே பழகிய பழக்கத்தில் அங்கே இடது பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் முன் சக்கரம் நின்று நீங்கள் தலைகுப்புறப் போவீர்கள். நான் போயிருக்கிறேன். அங்கே சைக்கிள் கையில் கிடைத்ததும் முதல் வேலையாகக் கடையில் கொடுத்து பிரேக்கை மாற்றிப் போடச் சொல்லுங்கள்.

சைக்கிளை இங்கிருந்து கொண்டுபோக வேண்டாம். செலவும் எடையும்தான் மிச்சம். கெந்தில் பழைய சைக்ளோகிராஸ் சைக்கிள் கிடைப்பது சுலபம், இரவலும் கிடைக்கும். எம்டிபிதான் கிடைத்தது என்றால் அதற்கு அனுமதி உண்டா என்று தோழியை விசாரிக்கச் சொல்லுங்கள். புதியவர்கள் பிரிவில் பல இடங்களில் விடுவார்கள். ஷூவைப் பெடலில் மாட்டும் கிளிப் வகையை இந்த முதல் பந்தயத்துக்குத் தொடாதீர்கள். சாதாரணப் பெடலும், அடியில் நல்ல பிடிப்புள்ள ஷூவும் போதும்.

இப்போது மணல். இதில் நீங்கள் கொடுத்துவைத்தவர். பெல்ஜியக் கடற்கரையில் கொக்ஸைடே என்று ஒரு ஊர், மணல்மேட்டுப் பந்தயத்துக்குப் பேர்போனது. 2012 உலகப் போட்டி அங்கே நடந்தபோது ஆண்கள் முதன்மைப் பிரிவில் முதல் ஏழு இடங்களையும் பெல்ஜியம்காரர்களே பிடித்தார்கள். பிறந்ததில் இருந்து மணலில் ஓட்டுகிறவர்கள். உங்களுக்கோ தேங்காய்ப்பட்டணம் பக்கத்திலேயே இருக்கிறது. கொஞ்சம் தள்ளி வந்தால் முட்டம், சங்குத்துறை, சொத்தவிளை. ஆனி ஆடியில் கடல் சீறும், அதனால் அலை தொடும் இடத்துக்குப் போகாமல் தென்னை ஓரத்து மணலிலேயே பழகுங்கள்.

மணலுக்குள் நுழையும் முன்பே வேகம் எடுத்திருக்க வேண்டும். உள்ளே போய் எடுக்க முடியாது. தேவை என்று தோன்றுவதைவிட ஒன்றிரண்டு கியர் கடினமாக வைத்து, உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, ஹேண்டிலை இறுக்காமல் பிடியுங்கள். முன் சக்கரம் இரண்டு பக்கமும் அலையும், அலையட்டும். அதை நேராக்க இழுத்தீர்களென்றால் அப்போதே புதையும். பார்வை சக்கரத்தில் வேண்டாம், மணல் முடியும் இடத்தில் வையுங்கள். பெடலை நிறுத்தவே கூடாது. முன்னால் போனவர் சக்கரத்தடம் இருந்தால் அதுதான் உங்கள் பாதை, அங்கே மணல் அமுங்கி இறுகியிருக்கும். இதையெல்லாம் மீறி வேகம் சாகிறது என்று தோன்றினால், முழுதாக நிற்பதற்கு முன்பே இறங்கி ஓடுங்கள். நின்றபின் இறங்குபவருக்கு ஓட்டத்தையும் முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். உப்பு ஒரே இரவில் துருவை ஆரம்பித்துவிடும்.

டயரில் காற்று. பஞ்சர் கடையில் கல் மாதிரி ஏற்றித்தான் தருவார்கள், ரோட்டுக்கு அது சரி. மணலுக்கும் சேற்றுக்கும் டயர் தரையில் படர வேண்டும். உங்கள் எம்டிபிக்குக் காற்றழுத்தம் 25 பிஎஸ்ஐ அளவில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள். ரிம் தரையில் இடிக்கும் சத்தம் கேட்டால் குறைத்தது அதிகம். கெந்தில் கிடைக்கும் சைக்கிளில் டயர் மெல்லியது, சர்வதேசப் போட்டியில் 33 மில்லிமீட்டர்தான் எல்லை. அதில் டியூப் போட்டிருந்தால் 30 முதல் 35 பிஎஸ்ஐ வரை வைத்துப் பாருங்கள். சொந்தமாக ஒரு அழுத்தமானி வாங்கிக்கொள்ளுங்கள்.

சேற்றுக்குத் தென்மேற்குப் பருவமழையே போதும். பயிர் நிற்கும் வயலில் இறங்கிவிடாதீர்கள். தெரிந்தவர்களின் ரப்பர் தோட்டம் இருந்தால் கேட்டுவிட்டு, பால் வெட்டு முடிந்த பிறகு போங்கள். மழையில் ஊறிய செம்மண், மேலே ஈர இலை, சரிவான தட்டுகள் என்று பெல்ஜியத்துப் பாதைக்கு இவ்வளவு பக்கத்தில் வரும் இடம் வேறு இல்லை. சரிவில் குறுக்காகப் போகும்போது மேட்டுப் பக்கம் இருக்கும் பெடலை மேலேயும் பள்ளத்துப் பக்கத்துப் பெடலைக் கீழேயும் வைத்து, கீழ்ப் பெடலில் எடையைக் கொடுங்கள். முன் பிரேக்கைத் தொடாதீர்கள். தொளியில் சறுக்கி விழுந்தால் பெரும்பாலும் வலிக்காது. ஹெல்மெட் இல்லாமல் மட்டும் ஒரு நாளும் வேண்டாம்.

உடல் பயிற்சியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம், பேசிக்கொண்டே ஓட்டும் வேகத்தில். ஒரு நாள் ஏற்றமோ எதிர்காற்றோ உள்ள கிராமத்து ரோட்டில், பேச முடியாத வேகத்தில் ஆறு நிமிடம், அப்புறம் மூன்று நிமிடம் மெதுவாக, இப்படி நான்கு முறை. ஆரல்வாய்மொழிப் பக்கம் போக முடிந்தால் கணவாய்க் காற்று நல்ல ஏற்றத்துக்குச் சமம், ஆனால் லாரி ஓடும் நெடுஞ்சாலை வேண்டாம். இன்னொரு நாள் மணலில் 30 விநாடி முழு வேகம், 30 விநாடி ஓய்வு, பத்து முறை. இதற்கு மேல் ஆரம்பத்தில் தேவையில்லை. பந்தயத்துக்கு முந்தின வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள்.

இங்கே பழக முடியாதது குளிர் ஒன்றுதான். நவம்பரில் கெந்தில் நடுப்பகலிலேயே பத்து டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், கூடவே சாரலும். போன முதல் வாரத்தில் இருந்தே வெளியில் ஓட்டிப் பழகுங்கள். முழு விரலும் மூடும் கையுறை இரண்டு ஜோடி வேண்டும், ஒன்று தயாராகும்போது நனைந்துவிடும். பந்தயத்துக்கு முன் 20 நிமிடமாவது ஓட்டி உடம்பைச் சூடாக்குங்கள். வரிசையில் நிற்கும்வரை மேலே ஒரு ஜாக்கெட், புறப்படும் முன் தோழியிடம் கழற்றிக் கொடுத்துவிடலாம். முடிந்ததும் ஒரு மணி நேரம் தொண்டை அரிப்பும் இருமலும் பலருக்கு வரும், அது குளிர்க்காற்றை வேகமாக இழுத்ததால். இளைப்போ வீசிங்கோ உங்களுக்கு எப்போதாவது வந்திருந்தால் இங்கிருந்து கிளம்பும் முன்பே டாக்டரைப் பாருங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அன்றைக்கு மூன்று மணி நேரம் முன்னால் பழகிய சாப்பாடாகச் சாப்பிடுங்கள். இங்கே பயிற்சிக்கு முன் புட்டும் மட்டிப் பழமும் ஒத்துக்கொள்கிறதென்றால், அங்கே பிரெட்டும் வாழைப்பழமும் அந்த இடத்தில் வரும். 40 நிமிடத்துக்கு அந்தக் குளிரில் பாட்டில் தேவைப்படாது. பாதையை முன்கூட்டி இரண்டு சுற்று ஓட்டிப் பாருங்கள், கஷ்டமான இடங்களை நடந்தும் பாருங்கள். ஆனால் காலையில் பார்த்த பாதை மதியம் இருக்காது. சேறு உழப்பட்டுக் கிடக்கும். ஓரத்துப் புல்லில் வழி இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.

விசில் அடித்ததும் எல்லாரும் வெறியோடு பறப்பார்கள், ஏனென்றால் முதல் வளைவிலேயே பாதை நெருங்கிவிடும். நீங்கள் பின்வரிசையில், ஓரமாக நில்லுங்கள். வளைவில் நெரிசலானால் காத்திருக்காமல் இறங்கி ஓடுங்கள், மூன்று மாதம் பழகியதற்கு அங்கேயே நாலைந்து பேரைத் தாண்டலாம். முதல் சுற்று முடியும்போது 'இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகலாமே' என்று தோன்ற வேண்டும். அந்த ஆசையை மூன்றாவது சுற்றுவரை தள்ளிப்போடுங்கள்.

முன்னணியில் இருப்பவர்கள் ஒரு சுற்று அதிகமாக வந்து உங்களைத் தாண்டுவார்கள். நடுவில் திடீரென்று ஒதுங்காமல் உங்கள் கோட்டிலேயே நேராகப் போங்கள். பின்னால் இருந்து 'லிங்க்ஸ்' என்று கத்தினால் அவர் இடது பக்கமாக வருகிறார், 'ரெக்ட்ஸ்' என்றால் வலது. அங்கே பேசும் டச்சு மொழியில் அவ்வளவு போதும். பல பந்தயங்களில், தாண்டப்பட்டவர் முதல்வர் முடிக்கும்போது தானும் அந்தச் சுற்றோடு முடித்துவிடலாம். சில பந்தயங்களில் முன்பே நிறுத்தி வெளியே எடுப்பார்கள். எந்த விதி என்று அன்று காலையில் கேட்டுத் தெரிந்துகொண்டால் நடுவில் மனம் உடையாது. விழுந்தால் முதலில் பாதையை விட்டு ஓரம் வாருங்கள். ஹேண்டில் நேராக இருக்கிறதா, செயின் பல்லில் இருக்கிறதா, இந்த இரண்டைப் பார்த்துவிட்டு ஓடியே புறப்படுங்கள்.

கோட்டைத் தாண்டியதும் பேச நிற்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஈரத் துணியை மாற்ற வேண்டும், காலுறை உட்பட.

இன்றைக்குச் சாயங்காலமே கமுகுத் தடியையும் இரண்டு செங்கல்லையும் எடுத்து வையுங்கள். மூன்று வாரம் பழகிவிட்டு, ஏறும்போது அந்த இரண்டாவது குதி இன்னும் இருக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள். இருந்தால் அதை எப்படி எடுப்பது என்று தனியாகச் சொல்கிறேன்.