கேமரா கத்தினால் கழற்றிவிடலாமா?

கேள்வி: மேலூர் பக்கம் ஒரு கல்குவாரியில் பொக்லைன் ஓட்டுகிறேன். தூங்கினால் கண்டுபிடிக்கும் என்று சொல்லி, முதலாளி கேபினுக்குள் ஒரு கேமரா மாட்டியிருக்கிறார். நன்றாக முழித்திருக்கும்போதே கத்துகிறது. அதன் ஒளி கண்ணைக் கெடுக்கும் என்று வீட்டில் வேறு பயப்படுகிறார்கள். கழற்றச் சொல்லலாமா?
– மேலூர் வாசகர்

பதில்: கழற்ற வேண்டாம் தம்பி, இடத்தை மாற்றச் சொல்லுங்கள். கூரையை ஒட்டி மாட்டியிருந்தால் கோளாறு அங்கேதான். பொக்லைன் ஓட்டுகிறவர் பெரும்பாலும் கீழே பக்கெட்டைத்தான் பார்ப்பார். பார்வை தாழ்ந்தால் மேல் இமையும் கூடவே இறங்கும். மேலேயிருந்து பார்க்கிற கேமராவுக்கு அது மூடிய கண். முகத்துக்கு நேராக, கொஞ்சம் தாழ்வாக வைத்தால் தொல்லை குறையும். லென்ஸில் படியும் கல்தூசியையும் துணியால் துடையுங்கள். சில கூலிங் கிளாஸ்களும் அதைக் குழப்பும்.

ஒளிக்குப் பயப்பட வேண்டாம். டிவி ரிமோட்டில் வருகிற அதே அகச்சிவப்பு வகைதான். இருட்டிலும் கண் தெரிவதற்காக வைக்கிறார்கள். பாதுகாப்பு அளவுக்குள் இருக்கும்படிதான் செய்கிறார்கள்.

சாதாரணமாகக் கண் சிமிட்ட அரை நொடிகூட ஆகாது. தூக்கம் வந்தால் இமை மெதுவாக இறங்கி, மெதுவாக ஏறும். ஒரு நிமிடத்தில் எவ்வளவு நேரம் இமை 80 சதவீதத்துக்கு மேல் மூடியிருந்தது என்று கணக்கிட்டுத் தூக்கத்தைக் கண்டுபிடிப்பது இந்த மாதிரிக் கருவிகளில் பழைய முறை. அமெரிக்காவில் லாரி ஓட்டுநர்களுக்காக 1990களிலேயே சோதித்தார்கள்.

கப்பலூரில் ஒரு ஆலையில் பாதுகாப்பு மேற்பார்வை பார்த்தவன் நான். அதிகாலை மூன்று மணிக்கு மேல் மெஷின் மெஷினாகப் போய் முகத்தைப் பார்ப்பேன். "முழிச்சுத்தான்ணே இருக்கேன்" என்பார்கள், கண் சொருகியிருக்கும். பொய் சொல்வதில்லை, அவர்களுக்கே தெரியாது. அதனால்தான் இந்தக் கருவி எனக்குப் பிடிக்கிறது. அது யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காது. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டே சில நொடி மனம் அணைந்துபோவதும் உண்டு. அதை இது கோட்டைவிடும்.

உண்மையாகவே கண் சொக்கிக் கத்தினால், பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு இருபது நிமிடம் படுங்கள். டீ வேலைசெய்ய அவ்வளவு நேரம் ஆகும். முகம் கழுவுவது, பாட்டுப் போடுவதெல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

அப்புறம் முதலாளியிடம் ரெண்டு கேள்வி கேளுங்கள். பதிவாகிற வீடியோவை யார் பார்க்கிறார்கள்? ராத்திரி ஷிப்ட் முடித்தவரையே மறுநாள் பகலிலும் ஏற்றுகிறாரா? ரெண்டாவதுக்கு ஆமாம் என்றால், கேமரா கத்திக்கொண்டுதான் இருக்கும்.